மிஷின் வைத்துத் தேய்த்த முகம்: ஏரிக்கரை புத்தரைப் பார்க்கப் போன ஞாயிறு

போன தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலை பக்கம் போயிருந்தேன். வேலூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். எனக்குக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். பெரிய கோயிலையும் கிரிவலத்தையும் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் போனது மாவட்டத்தின் கிராமப்புறத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு: ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு புத்தர், அப்புறம் சீயமங்கலம் குடைவரைக் கோயில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வழி, செலவு எல்லாம் விவரமாக எழுதலாம் என்றுதான் கிளம்பினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலையே வந்து ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலையில் ஒரு அறை எடுத்தேன். வாடகை ஆயிரத்து இருநூறு ரூபாய். சுடுதண்ணீர் உண்டு, கொசுவும் உண்டு. காரும் ஓட்டுநருமாக நாள் வாடகை, டீசலோடு சேர்த்து மூவாயிரம். ஓட்டுநர் பெயர் சலீம். நாற்பது வயதிருக்கும். தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே அவர் குடும்பத்துக்குத் திருவண்ணாமலைதான் ஊர்.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கீழ்பென்னாத்தூர் இருபது கிலோமீட்டருக்குள்தான். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடையில் இட்லி, வடை சாப்பிட்டுவிட்டுக் கிராமச் சாலைகளில் திரும்பினோம். ஒரு பக்கம் சம்பா அறுப்பு, இன்னொரு பக்கம் மல்லாட்டை விதைத்த வயல். வேர்க்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். மனசு நன்றாகவே இருந்தது.

அந்தப் புத்தரை நான் நான்கு வருஷம் முன்பு என் தங்கையோடு வந்து பார்த்திருக்கிறேன். வேப்பமரத்தடியில், இடுப்பளவு உயரம், தியானத்தில் உட்கார்ந்த கோலம். ஊர்க்காரர்கள் அவரைத் தவமுனி என்று கும்பிடுகிறார்கள். நெற்றியில் விபூதிப் பட்டை, உடம்பெல்லாம் எண்ணெய்க் கருப்பு. அந்தக் கருப்புக்குள் பாதி மூடிய இமைகளும், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது போன்ற உதடும் தெரியும். என் தங்கை கோயில்களில் ஐந்து நிமிஷம் நிற்க மாட்டாள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை மரத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் மணல் குவியல், சிமெண்ட் மூட்டை. ஒரு கொத்தனார் பாண்டுச் சட்டியில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். கேமராப் பையோடு நான் இறங்கியதுமே ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார். செல்வி என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கு வைப்பவர்.

"போட்டோ எடுக்க வந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிடுங்க. உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்க சாமி மூஞ்சிய தேச்சிட்டுப் போனாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே அதே கருப்பு. கழுத்துக்கு மேலே, புதிதாக உடைத்த ஜல்லியின் நிறத்தில், வெளுத்துப்போன ஒரு உருண்டை. இமை இல்லை. மூக்கு ஒரு மேடாக மட்டும் மிச்சம். உதடு இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கீறல்கள். கேமராப் பையைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

மார்கழியில் ஒரு வேன் வந்திருக்கிறது. ஒரே மாதிரி பனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர், படித்தவர்கள், மெட்ராஸ்காரர்கள். பழங்காலச் சிலைகளைச் சுத்தம் செய்யும் குழு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எண்ணெய்ப் பிசுக்கு ஜாஸ்தியா கீது, கல்லால மூச்சு விட முடியலன்னாங்க," என்றார் செல்வி. "துணி வெச்சி தொடைப்பாங்கன்னு நெனச்சேன். சொசைட்டியில பால் ஊத்திட்டு வரதுக்குள்ள, பேட்டரி மிஷின்ல கம்பி பிரஷ்ஷு மாட்டி தேச்சிட்டானுங்க. நான் கத்தினேன். 'அழுக்குதாம்மா போவுது'ன்றான் ஒருத்தன். கீழ பாத்தா மாவு மாதிரி கல்லு கொட்டிக் கெடக்குது."

முடித்ததும் சிலையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.

அதற்குள் கொத்தனார் கலவையோடு சிலையை நெருங்கினார். ஊர் முடிவு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. சிமெண்டில் புதிதாக ஒரு முகம் செய்து பெயிண்ட் அடிப்பது. நான் சத்தம் போட்டேன். "கை வெக்காதீங்க. சிமெண்ட் ஒட்டிடுச்சின்னா அப்புறம் எடுக்கவே முடியாது. மிச்சமிருக்கற கல்லும் போயிடும்."

"அவர்கிட்ட ஏன் கத்தறீங்க," என்றார் செல்வி. "கத்த வேண்டிய ஆளுங்க மெட்ராஸ்ல இருக்கறாங்க."

அந்தச் சாமிக்கு மாசி விழாவை முன்னின்று நடத்தும் ஏகாம்பரம் என்ற பெரியவர் அமைதியாகத்தான் பேசினார். "மாசியில பொங்கல் வெக்கணும்மா. மூஞ்சி இல்லாத சாமிக்கு எப்படி வெக்கறது?"

"இது ரொம்பப் பழைய புத்தர் சிலைங்க..."

"அவங்களும் புத்தர்னுதான் சொன்னாங்க," என்றார் அவர். "புத்தர்னு சொன்னவங்கதான் மூஞ்சிய எடுத்தாங்க. முனின்னு சொல்ற நாங்க இத்தினி வருசமா எண்ணெய்தான் ஊத்தனோம்."

நான் நகரவில்லை. சிலைக்கும் கொத்தனாருக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். என்னைத் தள்ளிவிட்டுச் செய்ய அவர்களுக்குச் சங்கடம்.

காரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சலீம்தான் ஏகாம்பரத்தின் பக்கத்தில் வந்தார். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டுங்களா? பெரிய கோயில்ல சாமிக்குக் கவசம் சாத்தறாங்கல்ல. அந்த மாதிரி பித்தளையில ஒரு மூஞ்சி செஞ்சி மேல மாட்டிடலாம். கல்லு கல்லாவே இருக்கும்."

"யாரு செய்வாங்க?" என்றார் ஏகாம்பரம்.

"எந்தம்பி பாத்திரக் கடை வெச்சிருக்கறான். தகடு அடிக்கறவரு பழக்கம்தான். நானே இட்டுனு வந்து அளவு எடுக்க வெக்கறேன்."

ஏகாம்பரம் யோசித்தார். செல்வி யோசிக்கவில்லை. "கழட்டிக் கழுவலாம் இல்ல? அப்ப அதான் சரி," என்றார். கல்லில் துளை போடக் கூடாது, பின்பக்கமாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னதற்கும் அவரே தலையாட்டினார். குழைத்த கலவையை வீணாக்காமல், மோட்டார் கொட்டகைப் பக்கம் உடைந்திருந்த படியில் பூசிவிட்டுக் கொத்தனார் கிளம்பினார்.

சேத்துப்பட்டு வழியாகச் சீயமங்கலம் போய்ச் சேரும்போது பதினொன்றரை. திருவண்ணாமலையிலிருந்து நேராகப் போனால் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை. சுவாமிக்குத் தூணாண்டார் என்று அழகான பெயர். தூணின் மேல்பகுதியில் ஒரு சின்னஞ்சிறிய சிவன் ஆடிக்கொண்டிருப்பார். அண்ணாந்து தேடினால்தான் கண்ணில் படுவார். அவரைப் பார்க்கத்தான் இரண்டு மாதமாக ஆசைப்பட்டேன். எதிரில் நின்றபோது, இங்கே ஒருவன் மிஷினோடு ஏறினால் எத்தனை நிமிஷம் ஆகும் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. அந்த நாளின் சந்தோஷத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில், நான் போனில் சொன்னதைக் கேட்ட தோழி ஒருத்தி அந்தக் குழுவின் முகநூல் பதிவைத் தேடி அனுப்பினாள். தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின் என்று இரண்டு படங்கள். "அழுக்கிலிருந்து மீட்டெடுத்தோம்" என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். போதாதென்று வழி காட்டும் மேப் வேறு. முகமே போய்விட்டது என்று நான் எழுதினேன். சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் என் கருத்தை நீக்கி, என்னையும் தடுத்துவிட்டார்கள். சிலையைக் கடத்துகிறவனுக்காவது தான் திருடன் என்று தெரியும். இவர்கள் நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தூங்குகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை கடையைத் திறக்காமல், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், நடந்ததை எழுதி மனுவாகக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

மாசிப் பொங்கல் முடிந்து சலீம் ஒரு படம் அனுப்பினார். பளபளவென்று பித்தளை முகம், அதில் நன்றாக முறுக்கிவிட்ட மீசை. புத்தருக்கு மீசை. போன் போட்டு, "மீசை எதுக்குங்க?" என்றேன்.

"முனிக்கு மீசை இல்லாம எப்படின்னு செல்வியக்கா கேட்டாங்க மேடம். நான் இன்னா சொல்றது?"

கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை. வியாழக்கிழமை சாயந்திரம் அதைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, மறுநாள் மாட்டுகிறாராம் செல்வி. அந்த மீசையைக் கழற்ற முடியும். எனக்கு அது போதும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சீயமங்கலத்துக்குச் சேத்துப்பட்டு அல்லது வந்தவாசியிலிருந்து தேசூர் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். கோயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீடுகளில் பொறுமையாகக் கேளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். வெயில் கம்மியான மார்கழி, தை நல்லது. எழுத்து தெரியவில்லை என்று கல்வெட்டில் மாவு, சாக்பீஸ் தேய்க்காதீர்கள். சிலை அழுக்காக இருந்தால் இருக்கட்டும். அந்த அழுக்கு யாரோ ஒருவர் ஊற்றிய எண்ணெய்.

புத்தர் இருக்கும் ஊரின் பெயரை மனுவில் எழுதினேன். இங்கே எழுத மாட்டேன். கிளம்பும்போது செல்வி அதைத்தான் கேட்டுக்கொண்டார். நான் போய்வந்தது தெரிந்து மூன்று பேர் இதற்குள் வழி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவருக்கு, முகம் போன படமாவது வேண்டுமாம். தயவுசெய்து கேட்காதீர்கள். நீங்கள் பார்க்க நினைக்கிற முகம் அங்கே இல்லை. இருப்பது அந்த ஊர்க்காரர்களின் சாமி. அவரைச் சும்மா விடுங்கள்.