சந்தனத்தின் மேல் போட்ட பழி

அந்தக் கேசட்டை அழித்தவன் நான்.

பூசணம் அல்ல. மழைக்காலத்து ஈரம் அல்ல. சரசுப் பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதன் மேல் வைத்த சந்தனம் நிச்சயமாக அல்ல... நான்தான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முழு நினைவோடு, செத்துப்போன என் நண்பன் தீச்சட்டி ஏந்தி நடந்துவந்த ஒரே பதிவின் மேல் ஒரு சினிமாப் படத்தைப் பதிவு செய்தேன்.

ஒன்பது வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் சின்னமனூரில் உரக்கடை வைத்திருப்பவன். யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்து டப்பாக்களுக்கும் நடுவே உட்கார்ந்து திராட்சைக்காரர்களுக்கும் வாழைக்காரர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலும், என் புத்தி அங்கே இருந்ததில்லை. 1996இல் பதிவு செய்யும் வசதியுள்ள வீடியோ டெக் ஒன்றை வாங்கினேன். அன்று பிடித்தது பித்து. வங்காளம், மலையாளம், ஜப்பான், ரஷ்யா... எங்கெங்கோ எடுக்கப்பட்ட, நம் தியேட்டர்கள் எட்டிக்கூடப் பார்க்காத படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தேன். அலமாரியில் ஒரு கேசட் கூடினால் எனக்கே ஒரு சுற்று கூடியதுபோல நடப்பேன்.

அந்தப் படங்களில் பாதி ஜெயபாண்டி கொண்டுவந்தவை.

ஜெயபாண்டி என் பள்ளிக்கூடத் தோழன். பக்கத்திலுள்ள சீலையம்பட்டிக்காரன். விடிந்தும் விடியாமலும் ஏலத்தோட்டத்து வேலையாட்களை ஜீப்பில் ஏற்றிக் குமுளி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்குவான், சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவான். அங்கே திரைப்படச் சங்கம் நடத்திய மலையாள வாத்தியார் ஒருவரை எனக்காகவே பழக்கம் பிடித்தான். அவரிடமிருந்து கேசட் வாங்கி, துண்டில் சுற்றி, சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவான். ஒருமுறை சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டார்களாம். ஏதோ ஏடாகூடமான படம் என்று சந்தேகம். இவன் சொன்னானாம்: “போட்டுப் பாருங்க சார். பத்தே நிமிசத்துல நீங்களே திருப்பிக் குடுத்துருவீக.”

அவனுக்கு அந்தப் படங்கள் பிடிக்காது. எனக்காக உட்கார்ந்து பார்ப்பான். “ஏலே, அரை மணி நேரமா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். டெக்கு ரிப்பேராடா?” என்பான். பிறகு சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். அடுத்த வாரம் இன்னொரு கேசட்டோடு வந்து நிற்பான்.

அவன் அம்மாதான் சரசுப் பெரியம்மா. அவருக்கு வயிற்றில் கட்டி வந்து, மதுரையில் அறுவை செய்தார்கள். குணமானால் வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக ஜெயபாண்டி நேர்ந்துகொண்டான். குணமானது. எடுத்தான். தேனியிலிருந்து கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரை வரவழைத்து அதைப் படம் பிடிக்க வைத்தது பெரியம்மாதான். “எனக்காக எம்புள்ள நெருப்பத் தூக்குறான், அத நான் பாத்துக்கிட்டே இருக்கணும்ல” என்றாராம்.

மறு வருடம் மலைப்பாதையின் ஒரு வளைவில் ஜீப் உருண்டது. தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு அவன் மட்டும் வந்துகொண்டிருந்தான்...

மிஞ்சியது அந்தக் கேசட். ஒரே பிரதி. பெரியம்மா அதை மகனின் படத்துக்குக் கீழே மாடத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். அப்படியே கேசட் உறைக்கும் ஒரு பொட்டு. அவர் வீட்டில் டெக் இல்லை. ஆகவே நினைப்பு வரும்போதெல்லாம் அதை முந்தானையில் பொதிந்துகொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். நான் போட்டுக் காட்டுவேன். அவர் தரையில்தான் உட்காருவார். தீச்சட்டியோடு மகன் நடந்துவரும் இடத்தில் கும்பிட்டுக்கொள்வார்.

உண்மையைச் சொல்கிறேன்... எனக்கு அந்த வீடியோ சகிக்காது! கேமரா ஆடும். இதய வடிவத்துக்குள் கோபுரம் தோன்றும். பின்னணியில் பக்திப்பாட்டு இரைச்சல். உலகத்தின் பெரிய படங்களையெல்லாம் பார்த்த கண் அல்லவா என் கண்! உள்ளுக்குள் முகம் சுளித்துக்கொண்டே அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2001இல் ஓர் ஐப்பசி வெள்ளி. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. “நனைஞ்சுரும்யா. உங்கிட்டயே இருக்கட்டும். அமாவாசைக்கு வந்து வாங்கிக்கிறேன்” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டே நாள்.

ஞாயிறு மத்தியானம் செய்தித்தாளைப் புரட்டியபோது மணி ஒன்று. அரசுத் தொலைக்காட்சியில் ஒன்றரை மணிக்கு ஒரு பழைய மலையாளப் படம் என்று போட்டிருந்தது. அதன் பெயரை இங்கே சொல்லமாட்டேன், அந்தப் படம் ஒரு பாவமும் அறியாதது. கறுப்பு வெள்ளைப் படம். பிரதியே இல்லை என்று வாத்தியார் கைவிரித்த படம். ஜெயபாண்டியே இரண்டு வருடம் தேடிக் கிடைக்காமல் போன படம்!

வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. கடைகள் அடைத்திருந்தன. தேனிக்குப் பஸ் ஏறிப் போய்வர நேரம் இல்லை. மேசையின் மேல் பெரியம்மாவின் கேசட் இருந்தது.

என் அலமாரியில் அப்போது அறுபதுக்கும் மேல் கேசட்டுகள் இருந்தன. கேளுங்கள், நீங்களே கேளுங்கள்: அதில் ஒன்றை எடுத்திருக்கலாமே? எடுக்கத்தான் போனேன். ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். இது வேண்டாம், ஐயோ இது வேண்டவே வேண்டாம்... என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சொருகினேன். ஒன்றைக்கூட இழக்க மனம் வரவில்லை. எனக்கு எது எளிதாக இழக்கக்கூடியதாகத் தெரிந்தது என்பதைப் பாருங்கள்!

கைதவறி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு வழியே இல்லை. கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. வீடியோக்காரர் அதை உடைத்துத்தான் கொடுத்திருந்தார். அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப்பை ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். நான் ஒட்டினேன். கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, அளவாக வெட்டி, இரண்டு முறை மடித்து, விரலால் அழுத்தி ஒட்டினேன். அதற்கு முன்பு உறையைத் திறந்தபோது விரலில் பட்ட குங்குமத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

என்ன நினைத்தேன் அப்போது? ‘ஆடிக்கொண்டிருக்கிற ஒரு திருவிழா வீடியோ. அந்தப் பக்கம் ஒரு மகத்தான கலைப்படைப்பு. காலம் எதைக் கேட்கும்?’ இப்படித்தான், இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை யார் நீதிபதியாக உட்கார வைத்தது?

படம் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு காட்சியும் மனதில் ஏறவில்லை. முடிந்து செய்தி தொடங்கியதும் நிறுத்தினேன். புதிய லேபிள் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

அமாவாசையன்று பெரியம்மா வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்.

“பெரியம்மா... கேசட்டுல பூசணம் பிடிச்சிருச்சு. போட்டுப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல” என்றேன்.

எத்தனை சரளமாக வந்தது அந்தப் பொய்! கேசட்டுக்குப் பூசணம் பிடிப்பது உண்மைதான். மழை அதிகமான எங்கள் பள்ளத்தாக்கில் எனக்கே நாலைந்து போயிருக்கின்றன. பொய்க்கு ஏற்ற உண்மை கையருகே இருந்தது.

பெரியம்மா அழவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “ஏய்யா... நான் வாராவாரம் சந்தனம் வச்சேனே. அந்த ஈரந்தானா?”

இங்கேதான் என் இரண்டாவது குற்றம். முதலாவதைவிடப் பெரியது.

“இல்லை” என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், பொய் பொய்யாகவே இருந்தாலும் அவராவது தப்பியிருப்பார். ஆனால் சந்தனம் என்று ஒரு காரணம் அகப்பட்டதும், கேசட்டைக் காட்டு என்று அவர் கேட்கமாட்டார் என்ற தைரியம் எனக்கு வந்துவிட்டது. நான் தலையாட்டினேன்.

“எங்கையாலயே எம்புள்ளைய அழிச்சுப்புட்டேனே!” என்று வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பஸ் நிறுத்தம் வரைக்கும்கூட நான் துணைக்குப் போகவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டில் ஜெயபாண்டியின் படத்துக்குச் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. வெறும் கண்ணாடி. விளக்கு மட்டும் எரியும். கேட்பவர்களிடம், “எங்கை ராசி அப்பிடி” என்று சொல்வாராம்.

நானோ... நானோ சேகரித்துக்கொண்டே இருந்தேன்! கேசட் போய் வி.சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தேடிவந்து இரவல் வாங்கினார்கள். “அழிஞ்சுபோகாம காப்பாத்தி வச்சிருக்கீங்களே சார்” என்றார்கள். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை.

2008இல் பழைய கேசட்டுகளைக் கணிப்பொறி வழியாக டி.வி.டி.யாக மாற்றத் தொடங்கினேன். அந்த மலையாளப் படத்தின் முறையும் வந்தது. பதிவு செய்த நாளிலிருந்து அதை நான் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. கடையின் பின்னறையில் ஓடவிட்டுவிட்டு லோடு இறக்க முன்பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது உறுமிச் சத்தம் கேட்டது.

படம் முடிந்திருந்தது. அதற்குப் பின்னால், கேசட்டின் கடைசி முனையில், நான் அழிக்காமல் விட்ட ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது... வீரபாண்டி ஆற்றங்கரை. சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஜெயபாண்டி படியில் உட்கார்ந்திருக்கிறான். முகமெல்லாம் கரி. மோரைக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். “என்னைய எடுத்தது போதும்ணே. எங்காத்தாவ எடுங்க” என்கிறான். கேமரா திரும்புகிறது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை.

நான் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். அதை ஒரு தகுதியாக இங்கே சொல்லவில்லை.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு டி.வி.டி.யில் போட்டு, பழைய பிளேயர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு சீலையம்பட்டிக்குப் போனேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்லப் பழகிக்கொண்டே போனேன். வாசலில் அவரைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது: “பெரியம்மா, பூசணத்தச் சுத்தம் பண்ணிப் பாத்தேன். கொஞ்சம் வந்திருக்கு.”

இலவச டி.வி.யில் போட்டுக் காட்டினேன். “போதும்ணே” என்று மகனின் குரல் கேட்டதும் பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை முறை போட்டேன் என்று தெரியாது. கடைசியில் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நான் பாழாக்குனத நீ மீட்டுக் குடுத்துட்டியே சாமி!” என்றார்.

செல்லோ டேப் ஒட்டிய கைகள் அவை.

இரண்டு வருடங்களாக அவர் வீட்டில் எனக்குத் தனி மரியாதை. அறுப்புக்குப் புது அரிசி வருகிறது. எதிர்ப்படுபவர்களிடமெல்லாம், “எம்புள்ளைய எங்கண்ணுல காட்டுனவன்” என்கிறார். அவர் வாழ்த்துகிறபோது உடம்பு கூசுகிறது. அரிசியை வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. சாப்பிடுகிறேன்.

ஆனால் உங்களிடம் சொல்லவந்தது அதுவும் அல்ல. இன்று காலை பெரியம்மா கடைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். கால் வீங்கியிருக்கிறது. வீரபாண்டியில் திருவிழாக் கம்பம் நட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

“ஏய்யா, அந்தச் சட்டியோட நடந்து வர்றது... அது இன்னும் வரலையா?”

“சுத்தம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் பெரியம்மா.”

“இம்புட்டு வந்துருச்சுல்ல? மிச்சமும் வரும். நீ அவசரப்படாத, மெல்லச் செய்யி. நான் இப்பல்லாம் எதுலயும் சந்தனத்தக் கொண்டு போறதே இல்ல...” என்று சொல்லிக் கிளம்பியவர், வாசலில் திரும்பினார். “அடுத்த சித்திரைக்குள்ள வந்துருமாய்யா? அதுவரைக்கும் நான் கெடப்பேன்.”

வந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.