மாலை போட்ட கம்ப்யூட்டர்

என் தம்பிக்கு வந்த நோய்க்கு மருந்து கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நரம்பு செத்துக்கொண்டே வரும். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. அம்மா அந்த டாக்டரிடமே, வேறு நல்ல டாக்டர் யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டாள். காட்டுங்கள் என்றார். காட்டினோம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் அவசரமாக.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பெங்களூர் தொம்மலூரில் இரண்டு அறை வீடு. நான், அம்மா, தம்பி. அவன் லேத் ஓட்டிய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று எவனோ சொன்னதை நம்பி, அதில் டிராயிங் போடக் கற்றுக்கொள்ளப் போனான். எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வந்தான். வகுப்பு பாதி நடக்கும்போதே அவனால் மௌஸைப் பிடிக்க முடியவில்லை. நோய் தெரிந்ததே அப்படித்தான். அதன்பிறகு கம்ப்யூட்டர் துணி மூடிக் கிடந்தது.

நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. அந்த ஊரில் எவருக்காவது என் தம்பியின் நோய் வந்தால் அதையும் நான் அடிக்க வேண்டும். அடித்திருக்கிறேன். பிழை இல்லாமல் அடித்திருக்கிறேன். பிழை இருந்தால் சூப்பர்வைசர் கூப்பிட்டுத் திட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தம்பி ஒன்றைப் படித்தான். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம். உடம்புக்குள் புரதம் எப்படி மடிகிறது, எங்கே தப்பாக மடிந்து நரம்பு நோய் வருகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு மிகப் பெரியது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, யார் யார் வீட்டிலோ சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியாக அனுப்புகிறார்கள். அது போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். காசு கிடையாது. தர்மம்.

அதை நம் கம்ப்யூட்டரில் போடு என்றான். எனக்குக் கோபம் வந்தது. வேலையை விட்டுத் துரத்தியவர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை, இவன் யாருக்கோ இலவசமாக உழைக்கப் போகிறானாம்.

"ஊரான் வேலைய இழுத்துப் போட்டுக்கிறதே உனக்குப் பொழப்பாடா?" என்றேன்.

"என் கைதான் சும்மா கெடக்குது. கம்ப்யூட்டரும் ஏன்க்கா கெடக்கணும்?" என்றான்.

போட்டுக் கொடுத்தேன். திரையில் வண்ண மணிகளைக் கோர்த்த சரம் போல ஒன்று முறுக்கிக்கொண்டு சுற்றும். கீழே எத்தனை சதவீதம் முடிந்தது என்று வரும். அவன் நாற்காலியை அதன் பக்கத்திலேயே போடச் சொன்னான். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மாடி வீட்டுக்காரி, உங்கள் வீட்டு சீரியலில் வில்லி எப்போது வருவாள் என்று கேட்டுச் சிரித்தாள். வந்தால் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றேன். அப்புறம் அவள் வரவில்லை.

அம்மா இது என்ன என்று கேட்டபோது, மருந்து கண்டுபிடிக்கிற கணக்கு என்று தம்பி சொன்னான். பொய் இல்லை. ஆனால் அம்மா அதை அவனுடைய மருந்து என்று எடுத்துக்கொண்டாள். நூறு வந்ததும் மருந்து வரும் என்று நம்பினாள். காலையில் எழுந்ததும் "எவ்ளோ ஆச்சு?" என்று கேட்பாள். நூறு முடிந்து அடுத்த துண்டு சைபரிலிருந்து தொடங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. இதெல்லாம் பலன் தர இருபது வருடமோ முப்பது வருடமோ ஆகும், ஆகாமலும் போகும் என்று நான் சொல்லப் போனேன். தம்பி தடுத்துவிட்டான். அம்மாவுக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஒன்று இருக்கட்டும் என்றான்.

தசராவுக்கு முன்னால் பெரிய துண்டு ஒன்று வந்தது. எங்கள் ஏரியா கரண்ட் கட்டில், அந்தப் பழைய மெஷினில், வாரக்கணக்கில் ஓடியது. அதற்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். தம்பிக்கு அதற்குள் நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. சாப்பாடு புரையேறியது. அவன் வேறெதையும் கேட்பதை விட்டுவிட்டான். அந்தத் துண்டைக் கெடுவுக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. கணக்கு தொண்ணூறு சதவீதம் தாண்டியிருந்தது. அன்று ஆயுதத்தை வேலை வாங்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். கத்தி, அருவாமனை, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து உட்கார வைத்துவிடுவாள். தம்பி லேத்தில் அளவு பார்த்த பழைய மைக்ரோமீட்டரும் அந்த வரிசையில் உண்டு. கம்ப்யூட்டரையும் நிறுத்து என்றாள். மருந்து தரும் மெஷினுக்குப் பூஜை செய்யாமல் விடலாமா என்பது அவள் கவலை. நிறுத்தக்கூடாது என்று அவன் கத்தினான். வார்த்தை வரவில்லை, எச்சில்தான் வந்தது. கடைசியில் அவனே என்னிடம் குழறிக் குழறி ஒரு வழி சொன்னான். மானிட்டரை மட்டும் அணைப்போம், பெட்டி உள்ளே ஓடட்டும். திரை இருட்டாக இருந்தால் அது ஓய்வு எடுக்கிறது என்று அம்மா நிம்மதியாக இருப்பாள். அப்படியே செய்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். அமெரிக்காக்காரனுக்கு ஆயுத பூஜை கிடையாது.

நான் போனபிறகு அம்மா பெட்டியைத் துடைத்தாள். சந்தனம், குங்குமம் வைத்தாள். சாமிக்குச் சாத்துவது போலப் பட்டு ரவிக்கைத் துணியைப் போர்த்தினாள். மேலே கெட்டியான சாமந்தி மாலை ஒன்று, பின்பக்கம் காற்று போகும் ஓட்டைகளை மூடித் தொங்கியது. பிறகு பொரியும் கடலையும் கொடுக்கத் தெருவுக்குப் போனாள். தெருவில் ஆட்டோக்களுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தமட்டை மேளம் அடித்தார்கள்.

தம்பி கை நீட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கை நீளவில்லை. பிளாஸ்டிக் தீயும் நாற்றம் அவனுக்குத்தான் முதலில் வந்தது. கூப்பிட்டிருக்கிறான். நல்ல நாளிலேயே அந்தக் குரல் சமையலறை வரை போகாது. அம்மா திரும்பி வரும்போது மாலையில் உள்பக்கப் பூ வெந்து கறுத்திருந்தது. அவன் கழுத்தெல்லாம் கண்ணீர். அவனால் அதைத் துடைக்கவும் முடியாது.

அடுத்தடுத்து விடுமுறை. எஸ்.பி. ரோட்டில் எல்லாக் கடையும் பூட்டு. திறந்த அன்று பெட்டியை ஆட்டோவில் தூக்கிப் போனேன். "போர்டு ஹோகிதெ மேடம், டிஸ்க் சென்னாகிதெ" என்றான் கடைக்காரன். போர்டு போய்விட்டது, டிஸ்க் நன்றாக இருக்கிறது. வேறு போர்டு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விட்ட இடத்திலிருந்து கணக்கு ஓடியது. முடிந்தது. அனுப்பினேன். கெடு தாண்டிவிட்டது.

அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தாமதம் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அதே துண்டை வேறு இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு சரிபார்க்க. அவர்கள் இரண்டு பேரும் எப்போதோ முடித்து அனுப்பிவிட்டார்கள். எங்களுடையது வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

எனக்கு மறைக்கத் தெரியாது. அவனிடம் சொல்லிவிட்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி, "நம்ம விடையும்... அதேதானா?" என்றான். அதேதான் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். அது சந்தோஷமா, சலிப்பா என்று நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் மூச்சு நின்றது.

பிணத்தை வைத்துக்கொண்டு, நான்தான் மாலை போட்டு என் பிள்ளையைக் கொன்றேன் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். சொந்தக்காரர்கள் விதி என்றார்கள், கடவுள் கூட்டிக்கொண்டார் என்றார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு காபி குடித்தார்கள். ஒருத்தர்கூட, அந்தக் கம்ப்யூட்டருக்கும் இவன் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லவில்லை. காரியம் முடிந்து வீடு காலியானதும் நானே அவளை உட்கார வைத்துச் சொன்னேன். உன் மாலை எதையும் கெடுக்கவில்லை. நம்மிடம் இருந்த துண்டு வேறு இரண்டு வீட்டிலும் இருந்தது, அவர்கள் முன்னாடியே முடித்துக் கொடுத்துவிட்டார்கள், கணக்கு நிற்கவே இல்லை என்றேன்.

அம்மா கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அந்த ரெண்டு வூட்டு ஆளுங்களாச்சும் பொழச்சிக்கினாங்களா?"

தெரியாது என்றேன்.