நிறுத்தச் சொல்லும் கை

கிரேன்காரரை கிரேன் ஓட்டும் உரிமத் தேர்வில் முதல் தடவை மண்ணைக் கவ்வ வைத்தது அவருடைய மைத்துனன். இதைச் சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

கிரேன் ஓட்டுபவர் கீழே நிற்கும் சைகைக்காரரின் கையை மட்டும்தான் பார்த்து நடக்க வேண்டும். ஆனால் நிறுத்து என்று உள்ளங்கையை உயர்த்துகிறவன் வழியில் போகிறவனாக இருந்தாலும் அந்த நொடியே நிற்க வேண்டும். இது அவருக்குத் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். அதே தளத்தில் சுமை கட்டுகிற மைத்துனனுக்கு ஒரு பொல்லாத விளையாட்டு. பாரம் அந்தரத்தில் தொங்கும்போது சும்மா கையைத் தூக்குவான். இவர் பதறி நிறுத்துவார். அவன் தலையைச் சொறிவதுபோல் பாவனை செய்து பல்லைக் காட்டுவான், சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். வெறுத்துப்போன இவர், சைகைக்காரரைத் தவிர வேறு எவன் கையும் கண்ணில் படாதபடி பழகிக்கொண்டார். தேர்வன்று மூலையில் நின்ற ஓர் ஆள் கையைத் தூக்கினான். இவர் பாட்டுக்குப் பாரத்தை நகர்த்திக்கொண்டே போனார். அத்தோடு முடிந்தது.

அன்று மாலையே மைத்துனன் வீட்டுக்கு வந்து, "மாமாவுக்கு மொதல்ல கண்ணு டெஸ்ட்தான் வைக்கணும்" என்றான். மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது மறுதேர்வு. அதுவரை ஓட்டலாம், இதிலும் கோட்டைவிட்டால் கிரேனில் ஏறக்கூடாது, கீழே இறங்கிச் சுமை கட்டப் போ என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதாவது அந்தப் பயலிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நாண்டுகொண்டு சாகலாம் என்று பட்டது அவருக்கு.

புத்தகத்தைப் புரட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, கண்ணைத்தான் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தளத்தில் எந்தக் கை உயர்ந்தாலும் நிறுத்தினார். மைத்துனன் வழக்கம்போல் தூக்கினான், நிறுத்தினார். அவன் சிரித்தான். இவர் நகரவில்லை. இரும்புக் கட்டு அந்தரத்தில் தொங்க, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சைகைக்காரர் முறையாகக் காட்டிய பிறகே நகர்த்தினார். மறுநாளும் இதே கூத்து. அடுத்த நாளும்தான். வேலை தேங்கியதில் ஃபோர்மேன் கொதித்துப்போய் வந்து யார் நிறுத்தியது என்று கேட்டார். கிரேன்காரர் மேலேயிருந்து விரலை நீட்டினார். எல்லோர் முன்னாலும் மைத்துனனுக்குச் செம டோஸ் விழுந்தது. அவனைச் சரக்கு அறையில் போல்ட் பொறுக்கப் போட்டார்கள்.

மனைவி அன்றிலிருந்து தட்டை வைக்கும்போது சத்தம் வரும்படியே வைத்தாள். விளையாட்டுக்குச் செய்தவனை இப்படியா மாட்டிவிடுவது என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

தேர்வன்று, பாரம் பாதித் தூரம் போயிருந்தபோது வேலி ஓரத்தில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். கிரேன் அசையாமல் நின்றது. இறங்கி வந்ததும் தேர்வாளர், "அந்தம்மா உங்க சைகைக்காரர் இல்லையே, ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"நிறுத்தச் சொல்லி யார் கை தூக்குனாலும் நிக்கணும் சார். நமக்குப் பிடிக்காதவனா இருந்தாலும்."

தேர்வாளர் தலையாட்டினார். உரிமம் கைக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அதை மேஜையில் பட்டென்று வைத்தார். கண் டெஸ்ட் வைக்கச் சொன்னவன் இப்போது எந்த மூலையில் போல்ட் பொறுக்குகிறான் என்று ஆரம்பித்தார். அவனைப் பெற்றவர்களில் தொடங்கி அவனுடைய பல்வரிசை வரைக்கும் போனார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள்.

கை அவர் கண்ணில் நன்றாகவே பட்டது.

"நீயும் அவன்கூடச் சேர்ந்து சிரிச்சவதானே" என்று அவர் தொடர்ந்தார்.

அவள் கையை இறக்கினாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.