செத்தவள் செவ்வாய்க்கிழமை எழும்பினாள்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், நோர்வேயில் எங்கள் புருசெத் முதியோர் நிலையத்தில் செவ்வாய்தோறும் ஊமைப்படம் காட்டினார்கள். அமெரிக்கக் குதிரைக்காரர்களின் சண்டைப் படம். கிழமைக்கு ஒரு துண்டு. ஓய்வு பெற்ற ஒரு நோர்வேக்காரர்தான் காட்டுவார். பேச்சே இல்லாததால் மொழி தெரியாதவர்களுக்கு நல்லதாம். நல்ல கண்டுபிடிப்பு! பேச்சு இல்லைதான். ஆனால் நிமிடத்துக்கொரு தடவை படத்தை மறித்து நோர்வே மொழியில் எழுத்துப் போடுவார்கள். அதை யார் வாசிக்கிறது?

நான்தான் வாசித்தேன். அதாவது, வாசிக்கிற மாதிரி இருந்தேன். பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்ததில் நோர்வேப் பேச்சு எனக்குள் வந்துவிட்டது. எழுத்து மட்டும் வரவேயில்லை. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிற டீச்சர் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். மகனிடம் வந்து ஒரு வருடம், நோர்வே மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பார்த்து அவர், "அதிலை என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

படமும் ஒரு படமா? கதாநாயகன் ஆறு குண்டுத் துவக்கால் அறுபது தரம் சுடுகிறான். மலையிலிருந்து உருண்டாலும் தொப்பி கழலாது. கதாநாயகிப் பெட்டை மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். நடிக்கத் தெரிந்தது குதிரைக்கு மட்டும்தான். அதனால் கதையை நானே போட்டேன். வில்லனுக்கு இரண்டு பெண்டாட்டி கொடுத்தேன். பெட்டையின் தாய் சாகும்போது ஒரு சத்தியம் வாங்க வைத்தேன். டீச்சரும் எங்களோடு வருகிற மற்ற இரண்டு தமிழ்ப் பெண்களும் கண் வெட்டாமல் கேட்டார்கள்.

ஒருநாள் அந்தப் பெட்டை இருந்த வண்டி பள்ளத்தில் விழுந்தது. எழுத்து வந்தது. வெளிச்சம் போட்டார்கள். எங்கள் படங்களில் கடைசியில் 'வணக்கம்' போடுவார்களே, அதுதான் என்று நினைத்தேன்.

"செத்திட்டாள். கதை முடிஞ்சுது," என்றேன்.

அடுத்த செவ்வாய் மூன்று பேரும் வரவில்லை. சும்மா எட்டிப் பார்ப்போம் என்று போன நான் தனியே இருந்தேன். பார்த்தால், வண்டி விழுவதற்கு முன்பே அவள் குதித்துவிட்டாளாம்! போன கிழமை வண்டிக்குள் இருந்ததை நான் கண்ணால் கண்டவள். படக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "அடுத்த கிழமை தொடரும் என்றுதானே எழுதியிருந்தது?" என்றார்.

இனி ஒளிக்க இடமில்லை. மேல்மாடிக்குப் போனேன்.

"டீச்சர், அவள் சாகேல்லை."

"நீர்தானே வாசிச்சுச் சொன்னனீர்?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த ரெண்டு பெண்டாட்டி?"

"நான் கட்டி வைச்சது."

"தாய்க்குக் குடுத்த சத்தியம்?"

"அதுவும் நான்தான்."

"அதுக்கு நான் அழுதனான்," என்றார் டீச்சர். தேத்தண்ணி தரவில்லை.

ஆனால் அடுத்த செவ்வாய் வந்தார், மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு. என் பக்கத்திலேயே இருந்தார். ஆங்கிலத்துக்கும் நோர்வேக்கும் ஒரே எழுத்துத்தானே; முதல் எழுத்து வந்ததும், ஆங்கிலம் வாசிக்கிற வாயால் என் காதுக்குள் எழுத்துக் கூட்டினார். இரண்டு தரம் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

"'அடுத்த நாள் காலமை' எண்டு கிடக்கு," என்றேன்.

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

"இவ்வளவுதானோ? சீ, விடும் அதை," என்றார் டீச்சர். "நீர் உம்மடை கதையைச் சொல்லும்."