அமரர் ஊர்தியில் மஞ்சள் வெளிச்சம்

அமரர் ஊர்திக்கு டிரைவராக வருவதற்கு முன்னால் அவர் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வேகம் நாற்பதைத் தாண்டாது. அவர் கடைக்குப் போய்ச் சேரும்போது ரொட்டி வாங்க வந்தவர்கள் வேறு எதையாவது தின்று பசியாறியிருப்பார்கள். பேக்கரிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார். எந்தக் குணத்தால் அங்கே வேலை போனதோ, அதே குணத்தால் இங்கே வேலை கிடைத்தது. குண்டும் குழியுமான ரோட்டிலும் பின்னால் படுத்திருப்பவர் அசங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று பெயர் வாங்கினார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வண்டி பழசு. ஹெட்லைட்டைப் போட்டால் டேஷ்போர்டில் வேகம், டீசல், இன்ஜின் சூடு காட்டும் மீட்டர்கள் எல்லாம் பாசி படிந்தாற்போல் பச்சையாக எரியும். அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. ஒரு மழை நாளில் காலி வண்டியோடு திரும்பும்போது, மனைவி வேலை பார்க்கும் சலவை நிலையத்து வாசலில் அவள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து ஏற்றிக்கொண்டார். அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவள், மழைக்குப் பயந்து ஏறினாள். வழி நெடுக அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“பின்னாடி படுக்க வேண்டிய ஆளு எழுந்து வந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. அந்தப் பச்சை லைட்டை மொதல்ல மாத்துங்க.”

அதன் பிறகு அவர் கண்ணில் அந்தப் பச்சையைத் தவிர வேறு எதுவும் படவில்லை. முன் சீட்டு எப்போதும் உரிமைப்பட்டவருக்குத்தான், மூத்த மகனோ அண்ணனோ வந்து உட்காருவார்கள். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டதும் அவர்கள் முகம் பச்சையடித்துப் போகும். பின்னால் படுத்திருப்பவர் முகத்திலாவது ஒரு தெளிவு இருந்தது.

ஓய்வு நாளில் வண்டியை எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனார். அவன் ஊரில் உள்ள இளவட்டங்களின் கார்களுக்கெல்லாம் கலர் போட்டுக் கொடுத்தவன். நீலம் இருக்கிறது, ஊதா இருக்கிறது, பாட்டுக்குத் தகுந்தபடி துடிக்கிற விளக்கும் இருக்கிறது என்று பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினான். இவர் எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, மனுஷன் முகம் மனுஷன் முகமாகத் தெரிந்தால் போதும் என்றார். அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றி, மீட்டர் பெட்டியை வெளியே இழுத்தான். உள்ளே சின்னச் சின்ன பல்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சை ரப்பர் குல்லா. அவற்றை உருவி எறிந்தான். அவ்வளவுதான் வேலை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் இளம் மஞ்சளாக, வீட்டுக் கூடத்து வெளிச்சம்போல் இருந்தது. விற்க ஒன்றும் வழியில்லாமல் போனதில் அவனுக்குத்தான் வருத்தம்.

வினை அங்கேதான் தொடங்கியது. மஞ்சள் வெளிச்சத்தில் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். பச்சையில் ஊமையாக உட்கார்ந்து வந்தவர்கள், பக்கத்தில் ஒரு மனிதன் இருப்பதை இப்போதுதான் கண்டவர்கள்போல் மனதில் இருந்ததைக் கொட்டினார்கள். ஒருவர், செத்துப்போன தம்பி அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். ஒரு மகள், அப்பாவின் குறட்டையைச் செய்தே காட்டினாள். காட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இவர் வாயே திறப்பதில்லை. “ம்” என்பார், கியரை மாற்றுவார். ஆனால் சிரிப்பு, நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் பின்னால் அழுதுகொண்டிருந்தவர்கள் காதில் விழுந்தது. டிரைவர் சிரிப்புக் காட்டுகிறார் என்று முதலாளிக்குப் புகார் போயிற்று.

முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். பச்சையை எடுத்ததைத் தவிர தான் ஒன்றும் செய்யவில்லை என்றார் இவர். முதலாளிக்கு அது விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மாப்பிள்ளைக்குத்தான் விளங்கியது. வியாபாரம் படித்தவர். வெளிச்சத்துக்கு இத்தனை சக்தி இருக்குமானால் அதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஒரே வாரத்தில் பழைய பல்புகள் போய், கலர் மாறும் விளக்குகள் வந்தன. அமைதிக்கு நீலம், தூய்மைக்கு வெள்ளை, கௌரவத்துக்கு ஊதா என்று ஆபீஸ் வாசலில் போர்டும் ஏறியது. எந்தக் கலர் என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் போடுவது டிரைவரின் பொறுப்பு. அத்தனையும் விற்ற எலக்ட்ரீஷியன் தன் செலவில் மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தாததுதான் குறை.

இவருக்குக் கேட்க நா எழவில்லை. அழுது வீங்கிய முகத்தைப் பார்த்து, என்ன கலர் வேண்டும் என்று கேட்பதற்குத் துணிக்கடையா நடத்துகிறார்? தானாக வெள்ளையைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அண்ணன் தம்பி இருவரும் போர்டைப் படித்துவிட்டே வந்திருந்தார்கள். அண்ணன் நீலம் என்றார். அப்பாவுக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்றார் தம்பி. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்கென்ன தெரியும், நீ எப்போது வீட்டில் இருந்தாய் என்று அண்ணன் ஆரம்பிக்க, பேச்சு விளக்கை விட்டு எங்கெங்கோ போயிற்று. சாவியைக் கையில் பிடித்தபடி இவர் நின்றார். கடைசியில் அவர்களுடைய அம்மாதான் முன்னால் வந்தார்.

“அவருக்கு இனி எந்தக் கலரும் ஒண்ணுதான். எதையாவது போட்டு வண்டிய எடுங்கப்பா.”

அண்ணன் மூத்தவர் என்பதால் நீலம் போட்டார்கள். நீலத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஒரு குறைதான். மீட்டர்களின் முள் சிவப்பு. பச்சையில்கூட மங்கலாகத் தெரிந்த முள் நீல வெளிச்சத்தில் கறுத்து, கறுப்புப் பின்னணியோடு ஒன்றிப்போய்விட்டது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று இவர் குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், முள்ளைக் காணவில்லை. மயானத்துக்கு இரண்டு தெரு இருக்கும்போது வண்டி இருமியது, பிறகு நின்றுவிட்டது. டீசல் வண்டி ஒருமுறை காய்ந்துபோனால் ஊற்றியதும் கிளம்பிவிடாது. குழாயில் புகுந்த காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை. உறவுக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். அண்ணன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். தள்ளும்போதும் வெள்ளை போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னது சரியும்கூட. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒருவரையும் இவர் பாதி வழியில் நிறுத்தியதில்லை.

மறுநாள் போர்டு இறங்கியது. டீசல் பார்த்துப் போடாத டிரைவர்தான் குற்றவாளி என்று மாப்பிள்ளை தீர்ப்புச் சொன்னார். முதலாளி அந்த அளவுக்குப் போகவில்லை. பச்சையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை, அதையே போட்டுவிடு என்றார். அந்தக் குல்லாக்கள் இப்போது எங்கும் வருவதில்லை என்று எலக்ட்ரீஷியன் கைவிரித்தான். ஆகவே, தற்காலிகமாக என்று சொல்லிப் பழைய மஞ்சள் பல்புகளையே மாட்டினார்கள். தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

மாப்பிள்ளை இப்போது புது வண்டி வாங்கியிருக்கிறார். அதில் முள்ளே கிடையாது, எல்லாம் திரையில் எண்ணாக ஓடும். அதை ஓட்டுகிறவன் பாதி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். குடும்பங்களுக்கு அதில் பரம திருப்தி, சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம். பழைய வண்டியைக் கேட்டு வருபவர்கள் குறைவு. வந்தவர்கள் பேசிக்கொண்டே வருகிறார்கள். போன வாரம் வந்த ஒரு கிழவர், மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய கதை பாதியில் இருக்கும்போதே மயானத்து வாசல் வந்துவிட்டது. இவர் வண்டியை நிறுத்தவில்லை. கேட்டைத் தாண்டி நேரே போய், மதிற்சுவரை ஒட்டி இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தார். பின்னால் இருந்தவர்கள் ஏன் என்று கேட்டதற்கு, வாசலில் கூட்டம் என்று சொல்லிவிட்டார்.