நாலாம் நம்பர் கல்

கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம்பரக்கா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடங்களுக்கும் கல் சேகரிக்கிறவர்களுக்கும் மாதிரிக் கற்கள் விற்கிற கடை அது. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கற்களை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்து, கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்பு மையில் எண் எழுதுவாள். இருபது அறைகள் கொண்ட அட்டைப்பெட்டியில் அந்தந்த எண் அந்தந்த அறையில் போய் உட்கார வேண்டும். ஒன்பது வருஷமாக இதே வேலை. "உன் வீட்டுக்காரர் கொஞ்சம் அசந்தா அவர் நெத்தியிலயும் நம்பர் போட்டுடுவே" என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வாள்.

படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் கையில் கொடுத்த கல் இன்னதென்று சொல்லிவிடுவாள். கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கனம் உண்டு, ஒரு குளிர்ச்சி உண்டு என்பாள். முதலாளியே சில சமயம் சந்தேகம் வந்தால் அவளிடம் நீட்டுவார்.

பெட்டியில் நாலாம் எண் நார் ஜிப்சம். பட்டுநூலை அடுக்கி வைத்ததுபோல மினுமினுக்கும் வெள்ளைக் கல். கூடவே வைக்கிற தாளில் 'நகத்தால் கீறிப் பார்' என்று அச்சடித்திருக்கும். நகம் பட்டாலே கோடு விழும் என்பதால் பிள்ளைகளுக்கு அதுதான் செல்லக் கல்.

ஒரு வியாழக்கிழமை புது மூட்டை ஒன்றைப் பிரித்தாள். மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பெட்டி போயாக வேண்டும். முதல் கல்லைச் சுத்தியலால் தட்டியபோது அது வழக்கம்போல உடையவில்லை, பிய்ந்து வந்தது. நிறத்திலும் லேசாகப் பச்சை ஓடியதுபோலத் தெரிந்தது. அவள் கை ஒரு நொடி நின்றது. மூட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'நார் ஜிப்சம்' என்றுதான் எழுதியிருந்தது. சரி, வேறு குவாரிக் கல்லாக இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த கல்லை எடுத்தாள். பன்னிரண்டும் முடிந்தது. மிச்சமிருந்ததில் அழகான ஒரு துண்டைத் தாளில் சுற்றி, கல் என்றால் உயிரைவிடும் தன் ஏழு வயது மகளுக்காக வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, பொம்மைக்கு முடி வச்சிருக்கேன் பாரு!"

மொட்டைத் தலைப் பொம்மைக்கு வெள்ளை முடி முளைத்திருந்தது. பஞ்சுபோல மெத்தென்று, ஒரு விரல் நீளத்துக்கு.

"ஏதுடி இது?"

"நீ குடுத்த கல்லுதான். பிச்சா நூல் நூலா வருதும்மா. ஊதினா பறக்குது."

ஜிப்சம் நொறுங்கும், பொடியாகும். வளையாது. அவள் ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றினாள். நூல்போலச் சுற்றிக்கொண்டது. அடுப்பைப் பற்றவைத்து இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினாள். கருகவில்லை. சிவந்து, வெளியே எடுத்ததும் மறுபடி வெள்ளையானது.  கல்நார். ஆஸ்பெஸ்டாஸ். அதை வாங்கவே கூடாது, தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் தங்கிவிடும், பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முதலாளி சொல்லியிருந்தார்.

மகளின் தலைமுடியில், கன்னத்தில், தலையணையில் எல்லாம் வெள்ளைப் பொடி. துடைப்பத்தை எடுத்தவள், பெருக்கினால் பறக்குமே என்று கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொம்பு இரண்டு முறை நழுவியது.

"ஏம்மா அழறே? நான் ஒண்ணும் உடைக்கலையே" என்றாள் மகள்.

போனில் விஷயத்தைக் கேட்ட முதலாளி அரை மணி நேரத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து நின்றார். பார்த்தார். முகம் சுண்டிப்போனது. ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, பொம்மை, தலையணை, கல், துணி அனைத்தையும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டச் சொன்னார்.

"அந்தப் பன்னிரண்டு பெட்டி சார்?"

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு. போன் போட்டேன், எடுக்கல. காலைல ஆபீஸ் திறந்ததும் பேசிக்கலாம்."

"போன்ல சொன்னா கிளார்க் எழுதி வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பார் சார். அந்தத் தாள்ல நகத்தால கீறுன்னு போட்டிருக்கு."

"நேர்ல போய்ச் சத்தம் போட்டா ஊரே பயந்துடும்மா. நம்ம கடை பேரு என்ன ஆகும்?"

 மறுநாள் காலையில் மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

ஒன்றரை மணி நேரப் பயணம். பஸ் நின்று நின்று போனது. ஒரு நிறுத்தத்தில் டிரைவர் இறங்கித் தேநீர் குடிக்கப் போக, அவளுக்கு நெருப்பின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முதல் மணி அடித்திருக்கும். பெட்டியைத் திறந்திருப்பார்களா? வெள்ளிக்கிழமை வந்த புதுப்பெட்டியைத் திங்கட்கிழமை திறக்காமல் எந்த டீச்சர் விடுவார்? பள்ளிக்கூடத்துக்கு அவள் பத்துத் தரம் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "பதினோரு மணிக்கு மேலதான் உள்ள விடுவோம். யாரைப் பாக்கணும்?"

"கல்லைப் பாக்கணும்" என்று வாய் குழறிச் சொல்லிவிட்டு, அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினாள்.

அறிவியல் அறை மாடியில் இருந்தது. படியேறும்போதே பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. கதவைத் தள்ளினாள். நீள மேஜைகள், மேஜைக்கு ஒரு பெட்டி. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் வெள்ளை இழைகள் மெல்ல மிதந்துகொண்டிருந்தன. ஒரு மேஜையில் நான்கு பிள்ளைகள் கன்னத்தை உப்பி ஊதினார்கள்.

"கையை எடுங்க! யாரும் தொடாதீங்க! ஊதாதீங்க!"

அந்தக் குரல் தன்னுடையது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. டீச்சர் இளவயசுக்காரி, திகைத்து நின்றாள். நம்பரக்கா அவள் காதருகே போய் நாலே வார்த்தையில் சொன்னாள். டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் நல்ல வேளையாக அவள் கத்தவில்லை. "எல்லாரும் அப்படியே வெளியே வாங்க, குழாயடிக்குப் போகலாம். ஓடக் கூடாது" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

பிள்ளைகள் கைகால் முகம் கழுவினார்கள். நம்பரக்கா ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாகத் துடைத்தாள், நாலாம் எண் கற்களைப் பையில் சேர்த்தாள். எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். மேஜைக்கு அடியில், பெட்டிகளுக்குள், குப்பைக்கூடையில் தேடினாள். பிள்ளைகளைக் கேட்டால் எல்லாரும் தெரியாது என்றார்கள். பயந்துபோன பிள்ளை வாய் திறக்குமா?

அந்தப் பன்னிரண்டாவது கல் செவ்வாய்க்கிழமை காலையில் கிடைத்தது. ஒரு மாணவியின் சீருடைப் பாக்கெட்டில் கிடந்து, துணிகளோடு துவைக்கும் எந்திரத்தில் சுழன்று, வீட்டுத் துணி முழுவதிலும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. டீச்சர் போன் செய்ததும் முதலாளியும் அவளும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஈரத்துணிகளைப் பைகளில் கட்டிக்கொண்டே முதலாளி, "குவாரிக்காரன் ஏமாத்திட்டாம்மா. மூட்டைமேல ஜிப்சம்னு எழுதி அனுப்பிட்டான். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த மாணவியின் தாய் அவரைப் பார்க்கவில்லை. நம்பரக்காவைப் பார்த்தாள். "நீங்கதானே உடைச்சது? உங்களுக்கும் தெரியலையா?"

தெரியலை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். 

"ஒரு சந்தேகம் வந்துதுங்க" என்றாள். "தட்டினப்பவே கை சொல்லிச்சு. அவசரத்துல விட்டுட்டேன்."

முதலாளியின் கை அப்படியே நின்றது. அந்தத் தாய் கையை ஓங்கினாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நம்பரக்கா நினைத்தாள், விலகவும் இல்லை. ஓங்கிய கை பாதியிலேயே கீழே இறங்கியது.

"உனக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு. மூணு நாளு அதை வச்சு விளையாடியிருக்கா."

 அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து அழ, நம்பரக்காவும் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார். இரண்டு மூன்று நாள்தான் பட்டிருக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம் என்றார். "வரவே வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்?" என்று நம்பரக்கா கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்படி யாராலயும் எழுத முடியாதும்மா" என்றார்.

முதலாளி மூன்று மாதம் பெட்டி விற்பனையை நிறுத்தினார். அதற்கு முன் போன பெட்டிகளையெல்லாம் திருப்பி வரவழைத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். அந்த மூட்டையைத் தவிர வேறெதிலும் தப்பு இல்லை. அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் அனுப்பவில்லை. "இனிமே உன் கை சந்தேகப்பட்டா லாரியே வாசல்ல நின்னாலும் நிறுத்து" என்றதோடு சரி. அவளும் நிறுத்தினாள். சில நாள் நல்ல கல்லையே நான்கு தடவை சந்தேகப்பட்டு எல்லார் வாயிலும் விழுந்தாள்.

பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. மகள் பக்கத்து அறையில் இருமினால் அவள் கையில் இருக்கிற வேலை அப்படியே நிற்கும். அடுத்த இருமல் வருகிறதா என்று காது போய் ஒட்டிக்கொள்ளும். "சளிம்மா, வெறும் சளி" என்று மகள் சலித்துக்கொள்வாள்.

அந்தத் தாய் வருஷத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். நலம் விசாரிப்பு அதிகம் இருக்காது. "எப்படி இருக்கா?" "இருக்கா. உங்க பொண்ணு?" "இருக்கா." அவ்வளவுதான். இந்த வருஷம் அவள் வழக்கமாகப் பேசும் மாதம் முடிந்தும் போன் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளே எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தபிறகு ஓர் இளம்பெண்ணின் குரல் எடுத்தது.

"அம்மா குளிக்கிறாங்க. நீங்க யாரு பேசறது?"

"நான்... கல் கடையிலேருந்து பேசறேம்மா."

"ஓ, நீங்களா! அம்மாவோட பழைய போன் தண்ணியில விழுந்துடுச்சு, நம்பர் எல்லாம் போச்சு. ஒரு வாரமா உங்க நம்பரைத்தான் தேடிட்டு, எங்களை ஒரு வழி பண்ணிட்டாங்க" என்று சொல்லி அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

நம்பரக்கா போனைக் காதோடு அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்புக்கு நடுவில் எங்காவது இளைப்புச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டாள். கேட்கவில்லை.