குஞ்சம்மாவின் முன்சீட்டு

குஞ்சம்மாவுக்கு வண்டியில் உட்கார்ந்து போகிற கொடுப்பினையே இல்லை. வேலைக்காட்டுக்கு லோரியில் போனாள், நின்றுகொண்டே. இடுப்பு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதுவும் லோரியில், பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே. அவ்வளவு ஏன், சுங்கை ரம்பாயிலிருந்து அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த அன்றைக்கும் லோரிதான், டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தாய்மாமனும் சொகுசாக உட்கார்ந்திருந்தார்கள். புதுப்பெண் பின்னால் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளுக்கு நடுவே பட்டுச்சேலையோடு ஆடிக்கொண்டு வந்தாள். இதையெல்லாம் அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தான் பாருங்கள் அவள் புருஷன் அங்கமுத்து, அங்கேதான் மனிதன் ஏமாந்துபோனான்.

அங்கமுத்து தோட்டத்து ஆலையில் பிட்டர். பழுதான எந்திரம் எதைக் கண்டாலும் அவனுக்குக் கை துறுதுறுக்கும். ஜப்பான்காரன் வந்தபோது ஊரைவிட்டு ஓடிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய புகைக்கூடத்துக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போனார். ரெண்டே சீட்டு, கூரையில்லாத மேல்பக்கம், நீண்ட மூக்கு. துரை திரும்பி வரவே இல்லை. ஜப்பான்காரன் டயரையும் பேட்டரியையும் கழற்றிப் போனான், மரச்சட்டத்தைக் கரையான் தின்றது, மிச்சமிருந்ததில் கோழி முட்டையிட்டது. சண்டை முடிந்து வந்த புதுத்துரை புகைக்கூடத்தை இடிக்கச் சொன்னபோது, "அந்தக் குப்பையையும் தூக்கி எறி" என்றார். அங்கமுத்து அதை எறிந்தான், நேராகத் தன் வீட்டு வாசலில்!

"இது காரா, கோழிக்கூடா?" என்று குஞ்சம்மா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"கார்தான் புள்ள. நல்ல சாதிக் கார். ஓட வச்சிக் காட்டுறேன் பாரு. ஆனா மழையில நனையாம நிறுத்த எடம் வேணும். அந்த ஆட்டுக் கொட்டகை..."

"அடி ஆத்தாடி! என் ஆட்டுங்க எங்க போவும்? ஒன் தலைமேலயா கட்டுறது?"

ரெண்டு நாள் அவன் பூனை மாதிரி அவள் காலையே சுற்றினான். மூன்றாம் நாள் அவளே வந்தாள். "கொட்டகையத் தாரேன். ஆனா ஒண்ணு. வண்டி ஓடுற அன்னிக்கி ஒம் பக்கத்து சீட்டுல மொதமொதலா உக்கார்றது நான்தான். கோலா சுங்கை பாருக்குக் கூட்டிட்டுப் போயி கடலக் காட்டணும். ஒங்க மாமன், மச்சான், கிராணி, எவனும் எனக்கு முந்தி அதுல குண்டி வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"மாரியாத்தா சத்தியமா நீதான்!" என்று அங்கமுத்து கையில் அடித்துச் சொன்னான்.

ஆட்டுக் கொட்டகை அப்படித்தான் கார் கொட்டகை ஆனது. அதற்குள் அவசரகாலமும் வந்து சேர்ந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள், ரோட்டில் பட்டாளம், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. சிதறிக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பெயர்த்து வேலிக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாரும் பாயும் பானையும் சுமந்து போக, இவர்கள் இருவரும் டயரில்லாத காரை உருட்டுக்கட்டைகள் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். காரின் மேல் மூடியிருந்த வைக்கோலுக்கு வெளியே புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சிப்பாய் ஒருவன் ஏதோ பீரங்கி என்று நினைத்துத் துப்பாக்கியை நீட்டிவிட்டான். இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். குஞ்சம்மா தூக்கிய கையில் சுத்தியல் இருந்தது வேறு வினையாகிவிட்டது. விஷயம் தெரிந்து பட்டாளமே சிரித்து, கடைசியில் அவர்களும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எவரும் வேலிக்கு வெளியே தலைகாட்டக் கூடாது. லயத்து ஜனங்கள் பாதிப் பேர் சீட்டாடினார்கள், மீதிப் பேர் சண்டை போட்டார்கள். குஞ்சம்மா மட்டும் விளக்கைப் பிடிக்கப் போய், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய், கடைசியில் அவளே காருக்கு அடியில் படுத்துக்கொண்டாள். காலையில் பால்வெட்டு, மாலையில் கார். வால்வு தேய்க்கும் குச்சியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவது போல அவள் உருட்டினால் அங்கமுத்து வாய் பிளந்து பார்ப்பான். கரையான் தின்ற சட்டத்துக்குப் பதிலாக உடைந்த கட்டில் ஒன்றிலிருந்து பலகை வந்தது. அந்தப் பக்கத்து சீட்டை அவள் யாரையும் தொடவிடவில்லை. தேங்காய் நாரை அடைத்து, மெழுகுத்துணி போர்த்தி, சாக்கு தைக்கும் ஊசியால் தானே தைத்தாள். உட்காரும் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே நார் வைத்தாள். தனக்குத்தானே, வைக்கட்டுமே!

டயர் கிடைக்க ஒரு வருஷம், பேட்டரி கிடைக்க ஒரு வருஷம் என்று காலம் ஓடியது. ஆலைக் கூரைக்கு அடித்த செங்காவிப் பெயிண்ட் மிஞ்சியதில் கார் சிவந்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், ஒரு மத்தியானம், குஞ்சம்மா கைப்பிடியைச் சுழற்ற, எஞ்சின் ரெண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன சத்தம்! ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. குஞ்சம்மா ஆடுகளைத் துரத்தவில்லை. முகமெல்லாம் எண்ணெயோடு நின்று, சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டிக் குதித்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடல் என்று முடிவானது. கல்யாணப் பட்டை எடுத்து வெயிலில் போட்டாள்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மாரியம்மன் திருவிழா. வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் தலைவரும் தோட்டத்து ஆபீஸ் கிளார்க்குமான தனபாலன் கிராணியும் பூசாரி வீராசாமியும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கிராணி நல்ல கனத்த உடம்புக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்ததும் அது முனகியது.

"அங்கமுத்து, ஆத்தா தோட்டத்துக் கடைசியில இருக்குற ரெண்டாம் டிவிஷனுக்குப் போயி மூணு வருசமாச்சு" என்றார் கிராணி. "அந்தச் சனமும் இங்க வர முடியல. மாட்டு ரதத்தக் கட்டிட்டு அவ்ளோ தூரம் காட்டு வழியா போயி, ஆறு மணிக்குள்ள திரும்ப முடியுமா? சொல்லு."

"லோரி இருக்கே கிராணியாரே?"

பூசாரி குறுக்கே பாய்ந்தார். "இரும்புத் தகடு அடிச்ச லோரியா? பொணம் ஏத்துன லோரி அது. அதுல ஏத்துனா ஆத்தாள அரஸ்டு பண்ணிக் கொண்டு போறாப்ல இருக்கும்லா! உன் கார்தான் தம்பி சரி. செவப்பா, ஆத்தாளுக்குன்னே செஞ்சாப்ல இருக்கு."

அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே பெரிய மனிதர்கள் வந்து கேட்கிறார்கள், கேட்பதும் ஆத்தாளுக்காக. அடுப்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டான்.

உள்ளே குஞ்சம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்று இரவு அவன் தட்டில் சோறு மட்டும் விழுந்தது, குழம்பு விழவில்லை.

"கோவமா?" என்றான்.

"எனக்கென்னய்யா கோவம்? ஆத்தாளோட நான் போட்டி போட முடியுமா? அவ மேல சத்தியம் பண்ணி என்கிட்ட குடுத்த எடத்த, அவளுக்கே தூக்கிக் குடுத்துட்ட. நல்லாருக்கு ஒன் நாயம்."

"ஞாயித்துக்கெழம நீ உக்காரலாம்ல?"

"ஆத்தா உக்காந்த சீட்டுல என்னய உக்கார விட்டுருவாங்களா ஒன் ஆளுங்க? போய்யா."

அங்கமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்த மடையன் அதை யோசித்துப் பார்க்கவே இல்லை. குஞ்சம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். சாமி மேல் அவளுக்குக் குறையில்லை. எந்த வண்டி வந்தாலும், அதைத் தன் கையாலேயே தேய்த்து உருட்டினாலும், கடைசியில் தான் பின்னால் நிற்க வேண்டியவளாகவே ஆகிவிடுகிறோமே என்றுதான் நெஞ்சு வலித்தது.

சனிக்கிழமை மத்தியானம் பூசை முடிந்தது. காருக்கு வாழைக்கன்று, மாவிலை, சந்தனம், குங்குமம். உற்சவ அம்மனைப் பட்டுக் கட்டி, மேளம் முழங்க, குஞ்சம்மா தைத்த சீட்டில் எழுந்தருளப் பண்ணினார்கள். கார் நகர்ந்ததோ இல்லையோ, அம்மன் அப்படியே சாய்ந்து அங்கமுத்துவின் தோளில் விழுந்தாள். கூட்டம் "ஆத்தா!" என்று அலறியது. ரதத்தின் தட்டையான பலகைக்குச் செய்த பீடம் அது, பள்ளமான சீட்டில் எப்படி நிற்கும்? அதிலும் குஞ்சம்மா தனக்கென்று நாரைக் குவித்து வைத்த சீட்டு!

"கயித்தப் போட்டுக் கட்டலாமா?" என்றான் ஒருவன்.

"ஆத்தாளையா கட்டுறது? வாயக் கழுவுடா!" என்றார் பூசாரி. யாராவது அந்தச் சீட்டில் உட்கார்ந்து அம்மனை மடியில் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அது பூசாரியின் உரிமை. ஆனால் வீராசாமி லோரிப் புகையைக் கண்டாலே வாந்தி எடுக்கிறவர். ஏறி உட்கார்ந்தார், அங்கமுத்து கிளச்சை விட்டான், கார் ஒரு உலுக்கு உலுக்கியது, பூசாரி வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். அடுத்து தனபாலன் கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டுக்குள் இறங்கினார். இறங்கினார் என்றால் பாதிவரைதான் இறங்கினார். கதவு மூடவில்லை, மடியென்று ஒன்று இருந்த இடத்தில் வயிறுதான் இருந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்தார்கள். மற்ற ஆண்கள் "நான்", "நீ" என்று பிடித்த சண்டையில் யார் பங்காளி, யார் சம்பந்தி என்ற பழைய வழக்கெல்லாம் கிளம்பிவிட்டது.

கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலாளி கடிகாரத்தைக் காட்டிக் கத்தினான். "செப்பாட் லா! சீக்கிரம்! நேரம் போச்சு, ஆறு மணிக்குக் கேட்டப் பூட்டிருவேன்!"

குஞ்சம்மா கூழ்ப்பானையைக் கீழே வைத்தாள். குழாயடியில் கால் கழுவினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கார்ப் பக்கம் வந்தாள்.

"தள்ளுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

"பொம்பளையா?" என்றார் வேப்பமரத்தடியிலிருந்து பூசாரி, ஈனக்குரலில்.

"ஏன் மாமா, ஆத்தா என்ன ஆம்பளையா? ஒரு பொம்பள மடியில ஒரு பொம்பள உக்கார்றதுக்கு யாரக் கேக்கணும்? பேசிட்டே இருங்க, அங்க ரெண்டாம் டிவிஷன் சனம் மூணு வருசமா தேங்காய வச்சிட்டு நிக்கிது."

பூசாரி கிராணியைப் பார்த்தார், கிராணி காவலாளியைப் பார்த்தார், காவலாளி கடிகாரத்தைப் பார்த்தான். பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை எடுத்து அவள் தலையில் ஊற்றினார். சொட்டச் சொட்ட குஞ்சம்மா அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரெண்டு வயதுப் பிள்ளையின் கனத்தோடு அம்மன் அவள் மடிக்கு வந்தாள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே கார் ஊர்ந்து போனது. அங்கமுத்து வேர்த்து வழிந்தான், ஒவ்வொரு பள்ளத்துக்கும் "ஆத்தா, ஆத்தா" என்றான். ரெண்டாம் டிவிஷன் வேலிக்குள் நுழைந்ததும் ஜனம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. வேலாயி என்ற கிழவி புழுதியில் விழுந்து, அம்மன் பாதத்தையும் குஞ்சம்மாவின் முழங்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா தாயே, எங்கள மறக்கலியே" என்று கதறினாள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்றே தெரியவில்லை. குஞ்சம்மாவும் அழுதாள், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. தன் உடம்புக்குள் இவ்வளவு சந்தோஷத்துக்கு இடம் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கேட்டு மூடுவதற்குள் திரும்பிவிட்டார்கள். அம்மனை இறக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோன கையோடு பூசாரி காருக்கு முன்னால் சூடம் ஏற்றினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. ஆத்தா உக்காந்த சீட்டு இது. இனி மனுசங்க யாரும் இதுல உக்காரக் கூடாது."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். குஞ்சம்மா ஈரச்சேலையைப் பிழிந்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். இது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கமுத்து இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "பூசாரி மாமா, ஒரு சந்தேகம்" என்றான். "சீட்டுல உக்காந்தது யாரு?"

"ஆத்தா."

"இல்ல. சீட்டுல உக்காந்தது எம் பொண்டாட்டி. ஆத்தா சீட்டு வேணாம்னு மொதல்லயே சாஞ்சிட்டா, அவ உக்காந்தது இவ மடியில. அப்ப யாரும் உக்காரக் கூடாதுன்னா குஞ்சம்மா மடியிலதான் உக்காரக் கூடாது. சீட்டுல அவ தாராளமா உக்காரலாம்."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு கிராணியின் வயிறு குலுங்கத் தொடங்கியது, அதைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பூசாரி தாடையைச் சொறிந்தார். "சரிதான். ஆனா அவ மட்டுந்தான். வேற எவனும் ஏறக் கூடாது."

"அதத்தானே நான் அஞ்சு வருசமா சொல்லிட்டு இருக்கேன்!" என்றாள் குஞ்சம்மா.

மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டி, தலைகொள்ளாப் பூ வைத்து, அவள் ஏறி உட்கார்ந்தாள். லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. ரோட்டுக் காவலில் நின்ற சிப்பாய்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, காட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கடத்துகிற சாப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை என்று கண்டு, போகச் சொன்னார்கள். கோலா சுங்கை பாரு ரோடு நீளத் திறந்து கிடந்தது.

அங்கமுத்து பயபக்தியோடு ஓட்டினான். ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தி, நேற்று போலவே ஊர்ந்தான். சைக்கிளில் தேங்காய் ஏற்றிப்போன பக்கத்து மலாய்க் கம்போங் கிழவர் ஒருவர் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். சற்று நேரத்தில் ஒரு மாட்டு வண்டியும் தாண்டியது. குஞ்சம்மா அதையும் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏய்யா" என்றாள் கடைசியில். "மெல்ல போறதெல்லாம் ஆத்தாளுக்கு. எனக்கு வேகமா ஓட்டு."

அங்கமுத்து மிதித்தான். அவள் தலையிலிருந்த பூவெல்லாம் ரோட்டில் பறந்தது.